அம்மாவின் கீமோ ஊசியும் செடியிலிருந்து வந்ததுதான்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. அடுத்து பேக்லிடாக்சல் என்ற கீமோ ஊசி போட வேண்டும் என்கிறார்கள். நித்தியகல்யாணி இலையில் புற்றுநோய் மருந்து இருக்கிறது, அதைக் கஷாயம் வைத்துக் குடித்து, கூடவே மஞ்சள் மாத்திரையும் சாப்பிட்டால் போதும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அம்மாவும் ஊசி வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: நித்தியகல்யாணியில் மருந்து இருப்பது உண்மைதான். அதிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டினை 1960-களிலிருந்து குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்து வருகிறோம். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்க நுண்ணிய இழைகள் உருவாகும். அவற்றை உருவாகவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

ஆனால் இலையில் அது இருக்கும் அளவு மிக மிகக் குறைவு. ஒரு கிராம் மருந்துக்கே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். வாய்வழியாகக் கொடுத்தால் உடலில் சரியாகச் சேராது என்பதால் ரத்தக் குழாய் வழியாகத்தான் ஏற்றுகிறோம், அதுவும் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டாமல். தாண்டினால் கை கால் நரம்புகள் பாதிக்கப்படும். அதே இலையில் உடலில் வேலை செய்யக்கூடிய ஆல்கலாய்டு என்ற வகை வேதிப்பொருட்கள் வேறு நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. கஷாயத்தில் எது எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. புற்றுநோயைத் தொடும் அளவு மருந்து கிடைக்காமல், வாந்தியும் ரத்தச் சர்க்கரை இறங்குவதும் மட்டும் மிஞ்சலாம்.

அம்மாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். அவருக்கு எழுதிக்கொடுத்திருக்கும் பேக்லிடாக்சலும் தாவர மருந்துதான். பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் கண்டுபிடிக்கப்பட்டது. மன்ரோ வால், மன்சுக் வாணி என்ற இரு வேதியியலாளர்களும் அவர்களுடைய குழுவினரும் அதன் அமைப்பை 1971-ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1992-ல். எந்த அளவு கொடுத்தால் கட்டி சுருங்கும், எந்த அளவில் நோயாளிக்கு ஆபத்து என்றெல்லாம் இடைப்பட்ட வருஷங்களில் சோதித்துப் பார்த்தார்கள். செடியை விட்டுவிட்டு ரசாயனத்துக்குப் போகிறோம் என்று அவர் நினைத்துக் கலங்க வேண்டாம்.

சரி, மஞ்சள்? ஆய்வகத் தட்டில் மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருளைக் கொட்டினால் புற்றுநோய் செல்கள் சாவது நிஜம். விழுங்கினால் மிகக் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும், அதையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றி வெளியேற்றிவிடும். சமையலில் போடும் மஞ்சள் பரவாயில்லை. மிளகுச் சத்து சேர்த்த வீரியமான மாத்திரைகளை மட்டும் கீமோ நாட்களில் தொடவே வேண்டாம். அவற்றால் சிலருக்குக் கல்லீரல் வீங்கியிருக்கிறது. பேக்லிடாக்சலை உடைத்து வெளியேற்றுவதும் அதே கல்லீரல்தான்.

சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பெரிய பயம். வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் இரண்டரை மடங்கு அதிகம் என்று 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல்.

அம்மா ஊசியின் எந்தப் பக்கவிளைவுக்குப் பயப்படுகிறார் என்று உட்கார்ந்து கேளுங்கள். வாந்தியா, முடி கொட்டுவதா? வாந்திக்கு இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன, முடி திரும்ப வளரும். அப்புறம், கஷாயத்தை ஏற்கெனவே குடித்திருந்தால் எத்தனை நாள், எவ்வளவு என்று முதல் ஊசிக்கு முன்பே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். ரத்த அணுக்களையும் கல்லீரலையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டுத் தேதி குறிப்பார்கள்.