ஃப்ளூவுக்கு மூலிகை: நீங்க கேட்டதுக்கு என் பதில்

ஃப்ளூ மாத்திரை டாமிஃப்ளூவே அன்னாசிப்பூல இருந்துதான் வருதாமே, அப்ப பிரியாணிக்குப் போடறதையே கஷாயம் வச்சு குடிக்கலாமா டாக்டர்?

பாதி சரி. அன்னாசிப்பூல ஷிகிமிக் ஆசிட்னு ஒண்ணு இருக்கு, அத ஃபேக்டரில பல கட்டமா மாத்தி மாத்தித்தான் ஓசல்டாமிவிர், அதாவது டாமிஃப்ளூல இருக்கற மருந்த, பண்றாங்க, அதுதான் வைரஸோட நியூராமினிடேஸ் என்சைம அடைச்சு புது வைரஸ் செல்ல விட்டு கிளம்ப முடியாம பண்ணுது, வெறும் ஷிகிமிக் ஆசிட் அந்த வேலைய செய்யாது. 2005ல பறவைக் காய்ச்சல் பயத்துல எல்லா நாடும் மாத்திரைய வாங்கிக் குவிச்சப்ப அன்னாசிப்பூவுக்கே கிராக்கி வந்துச்சு, அந்தக் கதைதான் இப்ப கஷாயமா மாறி வாட்ஸப்ல சுத்துது. இன்னொண்ணு, இதே மாதிரி இருக்கற ஜப்பான் வகை விஷம், கலந்துட்டா வலிப்பு வரும், கண்ணால பாத்துப் பிரிக்கறதும் கஷ்டம். கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணி வேணவே வேணாம்.

நிலவேம்பு குடிநீர்?

நிலவேம்புல இருக்கற ஆண்ட்ரோகிராஃபோலைட் லேப்ல செல்லுலயும் எலிகிட்டயும் ஃப்ளூ வைரஸுக்கு எதிரா நல்லா வேலை செஞ்சிருக்கு. ஆனா லேப்ல வைரஸ் மேல நேரா ஊத்தற அளவு, நீங்க குடிக்கற அந்தக் கசப்புல இருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேருமாங்கறதுதான் கேள்வியே. நீங்க கேக்கறது ஒன்பது சரக்கு சேர்ந்த சித்த மருந்து வேற, தனிச் செடி இல்ல. கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கறவங்களும் கேக்காம தொடாதீங்க.

மனுஷங்ககிட்ட டெஸ்ட் பண்ண மூலிகை ஒண்ணுகூட இல்லையா?

இருக்கே. சீனாவுல 2009 பன்றிக் காய்ச்சல் சமயம் 410 பேர வச்சு பாத்தாங்க. எதுவும் தராதவங்களுக்கு காய்ச்சல் விட ஏறக்குறைய 26 மணி நேரம், ஓசல்டாமிவிருக்கு 20, அவங்க ஊர் மூலிகைக் கஷாயத்துக்கு 16. எனக்கே ஆச்சரியம்தான், ஆனா யாருக்கு என்ன மருந்துன்னு எல்லாருக்கும் தெரிஞ்சே நடந்த டெஸ்ட், டம்மி மருந்து கிடையாது, அதனால நான் முழுசா நம்பல. எல்டர்பெர்ரிங்கற வெளிநாட்டுப் பழத்தோட கதை நேர் எதிர்: 2020ல டம்மியோட வச்சு பாத்தப்ப பலன் ஒண்ணும் தெரியல.

பிபி இருக்கு, இருமலுக்கு அதிமதுரம் ஓகேவா?

தினமும் வேணாம். பிபி ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

கஷாயம் குடிச்சுப் பாத்துட்டு, சரியாகலன்னா மாத்திரை போடலாமா?

65 தாண்டினவங்க, கர்ப்பிணி, சுகர், ஆஸ்துமா உள்ளவங்க அப்படிக் காத்திருக்காதீங்க. அறிகுறி ஆரம்பிச்ச 48 மணி நேரத்துக்குள்ள ஓசல்டாமிவிர் ஆரம்பிச்சாத்தான் நல்ல பலன். மூச்சு வாங்கினா நேரா ஆஸ்பத்திரி.