பெயருக்குப் பின்னால் என்ன போடுவது?

கேள்வி: என் மகன் வணிகவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கல்லூரிக்குப் போக மாட்டேன், நேராக நிதித்துறையில் இறங்கப் போகிறேன் என்கிறான். கண்டித்தால், பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டு, ஜெரோதா என்ற பங்குத் தரகு நிறுவனத்தால் பெரும் பணக்காரரான நிகில் காமத்தைக் காட்டுகிறான். வெறும் பிளஸ் டூவை வைத்துக்கொண்டு இந்தத் துறையில் பிழைக்க முடியுமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எம்.ஏ., பி.எட்., தேனி.

பதில்: முடியும். அதற்கு முன்னால் உங்கள் கேள்வியில் இருக்கும் அந்த ‘வெறும்’ என்ற சொல்லைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் கடிதத்தின் அடியில் எம்.ஏ., பி.எட். என்று மறவாமல் எழுதுகிற தகப்பனாருக்கு, மகனின் வருமானத்தைவிட அவனுடைய கல்யாணப் பத்திரிகையைப் பற்றிய கவலைதான் பெரிது என்று சந்தேகிக்கிறேன். நம் ஊரில் மணமகன் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தும் இல்லாவிட்டால், அச்சகத்துக்காரரே கூப்பிட்டு, “சார், இங்கே இடம் காலியாக இருக்கிறதே, என்ன போடட்டும்?” என்று கேட்பார். அந்த இடத்தை நிரப்புவதற்கென்றே தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. சேர்ந்து, முகூர்த்தத்துக்குப் பிறகு புத்தகத்தைத் தொடாத மாப்பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். பட்டப்படிப்பு வேண்டவே வேண்டாம் என்று மேடைக்கு மேடை முழங்குகிற தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுடைய அழைப்பிதழ்களில் அவர்களுடைய பட்டங்கள் இரண்டு வரிக்கு ஓடுவதை இந்தப் பகுதியில் முன்பே எழுதி, வசவும் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் மகன் அந்தக் காலியிடத்தை இரண்டே எழுத்தால் நிரப்பலாம். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பட்டயக் கணக்காளர் கழகம், சி.ஏ. ஆவதற்குக் கல்லூரிப் பட்டம் கேட்பதில்லை. பிளஸ் டூ முடித்தவர் ஃபவுண்டேஷனில் 4 தாள், இன்டர்மீடியட்டில் 6 தாள், ஃபைனலில் 6 தாள் என்று எழுதித் தேறி, நடுவில் ஓர் ஆடிட்டரிடம் 2 ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் என்கிற தொழிற்பயிற்சி முடித்தால் போதும். 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு இந்தத் தகுதியை முதுகலைப் பட்டத்துக்கு நிகராக ஏற்றுக்கொண்டதால், இளங்கலையே படிக்காதவர் முதுகலைக்காரர் ஆகிவிடுகிற விந்தையும் நடக்கிறது. இதைவிட வேடிக்கை வங்கியில் இருக்கிறது. கவுன்டரில் பணம் எண்ணி வாங்கும் எழுத்தர் வேலைக்கு ஆளெடுக்கும் ஐ.பி.பி.எஸ். தேர்வை எழுதுவதற்குப் பட்டம் கட்டாயம். அது விலங்கியல் பட்டமாக இருந்தாலும் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. அதே வங்கியின் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திடுகிற ஆடிட்டர், ஒரு நாள்கூடக் கல்லூரி வாசலை மிதிக்காதவராக இருக்கலாம்.

பட்டம் இல்லை என்பதால் இதைக் குறுக்குவழி என்று உங்கள் மகன் எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு தாளிலும் 40 மதிப்பெண்ணும், மொத்தத்தில் 50 விழுக்காடும் எடுக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதுகிறவர்கள் ஏராளம். ஆர்ட்டிகிள்ஷிப்பில் கிடைக்கும் உதவித்தொகை பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போகும். மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் படிவமான 3பி என்று கெடு துரத்த, வாடிக்கையாளர் பிளாஸ்டிக் பையில் திணித்துக் கொண்டுவந்த கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாக எடுத்து, விற்றவர்கள் காட்டிய பில்களைக் கொண்ட 2பி பட்டியலோடு ஒப்பிட்டு, வராத பில் எது, வரியைத் தவறாகப் போட்ட வியாபாரி யார் என்று இரவு ஒன்பது மணிவரை தேடிக்கொண்டிருக்க வேண்டும். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த நகரத்தார் இதைத்தான் வேறு விதமாகச் செய்தார்கள். பெட்டியடிப் பையனாகப் போய் உட்கார்ந்தவன் சிட்டையும் பேரேடும் எழுதிப் பழகி, அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பினான். அவனிடம் யாரும் பட்டம் கேட்கவில்லை; ஆனால் கணக்கு இடித்தால் அவனை விட்டதுமில்லை.

வேறு வாசல்களும் உண்டு. காப்பீட்டு முகவராவதற்குப் பத்தாம் வகுப்பும் ஒரு சிறு தேர்வும் போதும். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராக, பங்குச் சந்தைப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் 5-ஏ தேர்வில் 50 விழுக்காடு எடுத்து, ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி, பணம் போட்ட உடனே கொடுக்கிற முன்கமிஷனை 2018இல் நிறுத்திவிட்டது. இப்போது பணம் ஃபண்டில் இருக்கும்வரை ஆண்டுதோறும் கிடைக்கும் டிரெயில் கமிஷன்தான் முக்கிய வருமானம். அதைத் தாராளமாக ஒரு விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், மாதம் எட்டாயிரத்துச் சொச்சம் சம்பாதிப்பதற்கு உங்கள் மகன் ஒரு கோடி ரூபாய் பிறத்தியார் பணத்தைத் திரட்டியிருக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பையனை நம்பி யார் கொடுப்பார்கள்? உங்கள் ஓய்வூதியப் பணத்தில்தான் போணி செய்வான். கமிஷன் வாங்கிக்கொண்டு விற்பவருக்குப் பட்டம் வேண்டாம் என்கிற செபி, எதையும் விற்காமல் கட்டணத்துக்கு ஆலோசனை மட்டும் சொல்ல விரும்புகிறவரிடம் பட்டமோ அதற்கு நிகரான தொழில்முறைத் தகுதியோ கேட்கிறது. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது.

இனி நிகில் காமத். அவர் பள்ளியை விட்டவர் என்பது உண்மைதான். ஆனால் பொறியியல் படித்த அண்ணன் நிதினோடு சேர்ந்து 2010இல் ஜெரோதாவைத் தொடங்கியவர் என்பதையும் உங்கள் மகன் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுடைய பெருஞ்செல்வம் தரகு நிறுவனத்தில் வந்தது. பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) வியாபாரத்தில் ஆர்டர் ஒன்றுக்கு அங்கே 20 ரூபாய் தரகு. வாங்கியவர் ஜெயித்தாலும் தோற்றாலும் அது வந்து சேரும். நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவது ஒன்று, சுங்கச்சாவடி வைத்திருப்பது வேறொன்று. ஓட்டியவர்களின் கதையைச் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்டது: முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டப்பட்டார்கள், செலவுகளையும் சேர்த்துத் தலைக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய் போயிருக்கிறது. ‘நிதித்துறையில் இறங்குகிறேன்’ என்று அவன் சொல்வது இதைத்தானா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆம் என்றால், உங்கள் வங்கிக் கணக்கின் யு.பி.ஐ. பின்னை இன்றே மாற்றிவிடுங்கள்.

இல்லை, தொழிலாகக் கற்றுக்கொள்கிறேன் என்றால், சி.ஏ. ஃபவுண்டேஷனுக்குப் பதிவு செய்து நான்கு மாதம் படித்த பிறகே தேர்வு எழுத முடியும். ஜனவரித் தேர்வுக்குச் செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் பதிவு முடிந்திருக்க வேண்டும். கூடவே தொலைநிலையில் ஒரு பி.காம். சேர்த்துவிடுங்கள். இன்டர்மீடியட்டில் இரண்டு மூன்று முறை தவறினால் வங்கி எழுத்தர் தேர்வாவது எழுதலாம். அவர்கள்தான் பட்டம் கேட்கிறார்களே.