டாங்கோ ஆபாசமா?

கேள்வி: சினிமாவிலும் டி.வி. போட்டிகளிலும் வரும் டாங்கோ, ஆணும் பெண்ணும் கட்டிப்பிடித்து, வாயில் ரோஜாவைக் கவ்விக்கொண்டு ஆடும் ஆட்டம். இந்த ஆபாசத்துக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் எதற்கு?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் பார்த்தது மேடைக்காகச் செய்த டாங்கோ. அதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் டாங்கோ ஆடும் கூடங்களை மிலோங்கா என்பார்கள். அங்கே பழைய வழக்கப்படி ஆண் ஒரு பெண்ணின் மேஜைக்குப் போய் ஆட வரச்சொல்லிக் கேட்பதில்லை. இருந்த இடத்திலிருந்தே அவளைப் பார்ப்பான். அவளும் பார்த்தால் லேசாகத் தலையசைப்பான். விருப்பமில்லையென்றால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். விஷயம் முடிந்தது, பக்கத்து மேஜைக்குக்கூடத் தெரியாது. மூன்று நான்கு பாட்டுகள் சேர்ந்தது ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் டாங்கோ அல்லாத இசை கொஞ்ச நேரம் ஒலிக்கும். அதற்குள் அவளை அவள் இருக்கையில் கொண்டுபோய் விட வேண்டும். நடுவிலேயே அவள் ‘நன்றி’ என்று சொன்னால், போதும் என்று பொருள். கூட்டமான தளத்தில் காலைத் தூக்கி வீசுகிறவனை யாரும் மதிப்பதில்லை. ஒரு பெண்ணின் மறுப்புக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் பொது இடங்கள் எத்தனை இருக்கின்றன, சொல்லுங்கள்.

அணைத்து ஆடுகிறார்கள், உண்மைதான். அடிகள் முன்கூட்டி ஒத்திகை பார்த்தவை அல்ல. அந்தந்த நொடியில் பிறப்பவை. அடுத்த அடி எந்தப் பக்கம் என்பதை மார்பின் அசைவால்தான் தெரிவிக்க முடியும்.

உங்கள் குற்றச்சாட்டு பழையது. 1900 வாக்கில் புவெனஸ் அயர்ஸின் பெரிய வீட்டுக்காரர்களும் இதையேதான் சொன்னார்கள். டாங்கோ துறைமுகத்துச் சேரிகளிலும் ஒண்டுக்குடித்தனங்களிலும், ஆமாம், விபசார விடுதிகளிலும் வளர்ந்தது. 1914-இல் அந்த நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைக்க வந்தவர்களே அதிகம். அதற்குச் சற்று முன்பு பாரிஸ் டாங்கோவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அப்புறம்தான் சொந்த ஊர்ப் பணக்காரர்களும் கதவைத் திறந்தார்கள்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது வேறோர் இடத்தில். இதன் தாளத்தில் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1897-இல் ‘எல் என்ட்ரெரியானோ’ என்ற டாங்கோ இசையை இயற்றிய ரொசெந்தோ மெந்திசாபல் கறுப்பினத்தவர். இந்தக் கதையை வெகுகாலம் ஓரங்கட்டியே வைத்திருந்தார்கள். அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து கேட்டு, 2009-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது யுனெஸ்கோ எடுத்துச் சொன்னது இந்தக் கலப்பைத்தான். அந்த அங்கீகாரம் தேவையே.

ரோஜாவை விடுங்கள், பாண்டோனியனைக் கவனியுங்கள். ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த துருத்தி வாத்தியம். ஒரே பொத்தானை அழுத்தினாலும் துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரம், மூடும்போது வேறு சுரம். அதனால் கற்பது பெரும்பாடு. வழக்கமான டாங்கோ குழுவில் மேளமே கிடையாது. பாண்டோனியன், வயலின், பியானோ, டபுள் பேஸ் ஆகிய நான்குமே தாளத்தையும் சுமக்கின்றன.

ஒஸ்வால்தோ புக்லியேசே என்ற பியானோக்காரர் கம்யூனிஸ்ட். அரசியலுக்காகப் பலமுறை சிறை சென்றவர். அவர் சிறையில் இருந்தபோது குழு அவர் இல்லாமலே வாசித்தது. பியானோ மேல் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவை வைத்துவிட்டு வாசித்தார்கள். கேட்க வந்தவர்களுக்கு அதன் பொருள் புரிந்தது.

அவருடைய ‘லா யும்பா’, 1946-இல் செய்த பதிவு, இணையத்தில் கிடைக்கிறது. படம் பார்க்காமல் காதால் மட்டும் இரண்டு முறை கேளுங்கள். ஆபாசம் எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.