தினமும் 110 கிலோமீட்டர்: 4 லட்சத்தில் எந்தப் பழைய கார்?

கேள்வி: எனக்கு ஒரகடத்தில் வேலை, வீடு மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமம். போக வர 110 கி.மீ., மாதம் 25 நாள். ஷிப்ட் மாறி மாறி வருவதால் கம்பெனி பஸ் பாதி நாள் ஒத்துவருவதில்லை. பைக்கில் போய்ப் போய் முதுகுவலி வந்துவிட்டது. கையில் 4 லட்சம் இருக்கிறது. டீசல் ஸ்விஃப்ட் எடு என்கிறார் ஒரு நண்பர், சிஎன்ஜிதான் லாபம் என்கிறார் இன்னொருவர். மைலேஜும் வேண்டும், அடிக்கடி செலவு வைக்கவும் கூடாது. எதை வாங்கட்டும்?
(வாசகர், மதுராந்தகம்)

பதில்: கார் பெயருக்கு அப்புறம் வருவோம், முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். மாதம் 2,750 கி.மீ., வருஷத்துக்கு 33,000. வார இறுதியில் கோயில், கல்யாணம் என்று எடுக்கிற வீட்டு வண்டி மூன்று வருஷத்தில் ஓடுகிற தூரத்தை நீங்கள் ஒரே வருஷத்தில் ஓட்டப்போகிறீர்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 18 என்று வைத்துக்கொண்டால் மாதம் 15,300 ரூபாய் போல ஆகும். நான்கு வருஷத்துக்குக் கூட்டினால் ஏழு லட்சத்தைத் தாண்டுகிறது. அதாவது காருக்குக் கொடுக்கிற காசைவிட அது குடிக்கிற காசு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால் வாங்கும் விலையில் பத்தாயிரம் குறைந்ததா இருபதாயிரம் குறைந்ததா என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாமல், கிலோமீட்டருக்கு என்ன செலவு என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

டீசல் 92 ரூபாய், மைலேஜ் 21 என்றால் மாதம் 12,000 ஆகும். சிஎன்ஜி கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 26 கி.மீ. என்றால் 9,500. பெட்ரோலுக்கும் சிஎன்ஜிக்கும் மாதம் 5,800 ரூபாய் வித்தியாசம், வருஷத்துக்கு 70,000-ஐ ஒட்டி வருகிறது. விலை ஏறும் இறங்கும், உங்கள் ஊர் விலையைப் போட்டு ஒருமுறை நீங்களே கணக்குப் பாருங்கள். எது மலிவு என்ற வரிசை பெரும்பாலும் மாறாது.

டீசலைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னதில் தப்பில்லை, ஐந்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மாருதி 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோதே டீசலை நிறுத்திவிட்டது. எனவே இன்று 4 லட்சத்துக்குள் வருகிற டீசல் ஸ்விஃப்ட் எல்லாம் அதற்கு முந்தைய வண்டி, பெரும்பாலும் லட்சம் கிலோமீட்டர் கடந்தது. அந்த இன்ஜின் நல்ல இன்ஜின், சந்தேகமே இல்லை. ஆனால் இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் இவற்றில் ஒன்று கையை விரித்தாலும் ஒரு வருஷம் டீசலில் மிச்சம் பிடித்தது ஒரே பில்லில் போய்விடும். வருஷம் 33,000 ஓட்டுகிற உங்களுக்கு அந்த நாள் சீக்கிரமே வரும்.

ஆக, என் ஓட்டு சிஎன்ஜிக்கு. அதுவும் கம்பெனியிலேயே பொருத்தி வந்த சிஎன்ஜி. 2019-க்குப் பிந்தைய வேகன் ஆர் 1.0 முதல் தேர்வு, செலெரியோ அடுத்தது. இரண்டிலும் இருக்கிற மூன்று சிலிண்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான், அதனால் குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட் மாற்றுகிற செலவு இல்லை. மதுராந்தகத்திலேயே அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். வெளியில் சிஎன்ஜி கிட் மாட்டிய வண்டி என்றால் ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் சிஎன்ஜி ஏறியிருக்கிறதா, இன்ஷூரன்ஸில் கிட் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொடவே வேண்டாம். சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம், தேதி அதன் தகட்டில் அடித்திருக்கும், டிக்கியைத் திறந்து படித்துவிடுங்கள்.

சிஎன்ஜியின் தொந்தரவையும் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரில் நடைமுறையில் எட்டு கிலோ சொச்சம்தான் ஏறும், அதாவது இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். உங்களுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை பங்க். மாதம் பன்னிரண்டு, பதின்மூன்று தடவை. இரவு ஷிப்ட் முடித்துக் கண் சொருகுகிற நேரத்தில் ஆட்டோக்களுக்குப் பின்னால் அரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தால் மிச்சம் பிடித்த காசு இனிக்காது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் பங்க்குகள் வந்துவிட்டன, ஆனால் காரை வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் பைக்கிலேயே உங்கள் ஷிப்ட் நேரத்தில் அந்த வழியாகப் போய் வரிசை எவ்வளவு நீளம், கேஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் தயங்காமல் அதே வேகன் ஆரைப் பெட்ரோலில் எடுங்கள், நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு.

இன்னொன்று. சிஎன்ஜி பழைய வண்டி நம் பக்கம் குறைவு, அதனால் டெல்லி, குஜராத் வண்டி மலிவாக இருக்கிறது என்று புரோக்கர் காட்டுவார். அங்கிருந்து என்.ஓ.சி. என்கிற தடையின்மைச் சான்று, இங்கே மறுபடி சாலை வரி, புது நம்பர் என்று எல்லாம் கூட்டிப் பார்த்தால் மலிவு காணாமல் போய்விடும். டி.என். நம்பரிலேயே பொறுமையாகத் தேடுங்கள்.

2019-ஐ நான் சும்மா சொல்லவில்லை. அந்த வருஷ ஏப்ரலிலிருந்துதான் எல்லாக் கார்களிலும் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு) கட்டாயம், ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய அடிப்படை மாடல்களில் பல இரண்டும் இல்லாமல் வந்தவை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு, விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரியைக் கடைசி நொடியில் பார்க்கிறவருக்கு ஏபிஎஸ் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்துக்கு 600 தடவை அந்தச் சாலையில் போகப்போகிறீர்கள் நண்பரே, இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

சரி, மாடல் முடிவாகிவிட்டது. ஆனால் நீங்கள் வாங்கப்போவது மாடலை அல்ல, ஒருவர் ஓட்டிய ஒரு வண்டியை. நான் முதன்முதலில் வாங்கிய பழைய காரின் மீட்டர் 48,000 காட்டியது. பிரேக் பெடல் ரப்பரில் வரிகளே இல்லை, தேய்ந்து கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது, டிரைவர் சீட்டின் ஏறும் பக்கம் அமுங்கிப் போயிருந்தது. அன்று அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. ஆறு மாதத்தில் கிளட்ச் போய், பிறகு சர்வீஸ் விவரத்தைத் தேடி எடுத்தபோதுதான் தெரிந்தது, அது மூன்று வருஷத்துக்கு முன்பே லட்சத்தைத் தாண்டிய வண்டி. மீட்டரைத் திருப்பலாம், பெடலைத் திருப்ப முடியாது. மீட்டர் குறைவாக இருந்தும் பெடல் ரப்பர் புத்தம் புதிதாக இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று அதுவும் கேட்க வேண்டிய விஷயம்தான். நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய விவரம் கேளுங்கள், கடைசி சர்வீஸில் எத்தனை கிலோமீட்டர் என்று அதில் இருக்கும்.

அப்புறம் சீட் பெல்ட். முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத இடம் அது. அடிப்பகுதியில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால், அந்தக் கார் தண்ணீரில் நின்றிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் துடைத்து மெருகேற்றி வெளியூர்களுக்குப் போயின. ஸ்டெப்னி வைக்கும் குழியையும் சீட் தண்டவாளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள், துரு பொய் சொல்லாது. டாக்ஸியாக ஓடி, பிறகு சொந்த போர்டுக்கு மாற்றிய வண்டியா என்பதையும் ஆர்.டி.ஓ. ஆவணங்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு லட்சத்தையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றரைக்குள் முடித்து 50,000-ஐத் தனியாக வையுங்கள். ஆயில், கூலன்ட், பிரேக் பேட், பேட்டரி, டயர் எல்லாம் முதல் மூன்று மாதத்தில் கேட்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருஷத்து 23-வது வாரம். பேரம் பேச ஒரு பிடியும் தருகிறேன்: 2025 செப்டம்பர் 22-லிருந்து சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28-லிருந்து 18 சதவீதமாகிப் புதுக் கார் விலையே இறங்கிவிட்டது, பழைய கார் மட்டும் பழைய விலையில் நிற்பது நியாயமில்லை என்று சொல்லுங்கள்.

பரனூர் டோல்கேட்டுக்கு ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் எடுத்துவிடுங்கள். 2025 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமானபோது 3,000 ரூபாய்க்கு 200 தடவை, ஒரு தடவைக்கு 15 ரூபாய்தான். உங்களுக்கு நான்கு மாதத்தில் 200 தீர்ந்துவிடும், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பழைய ஓனரின் ஃபாஸ்டேக்கை முதலில் மூடச் சொல்லுங்கள், ஒரு வண்டிக்கு ஒன்றுதான்.

கேள்வி: நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குத் தினமும் போகிறேன். 2014 மாடல் டீசல் டிசையர் ஒன்று வருகிறது. 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டியை ஓட்டக்கூடாது என்கிறார்களே, வாங்கலாமா?
(வாசகர், நாமக்கல்)

பதில்: அந்த 10 வருஷக் கதை டெல்லி வட்டாரத்துக்கானது, நமக்கு இல்லை. இங்கே ஆர்.சி. 15 வருஷம், பிறகு வண்டியைக் காட்டிப் புதுப்பித்து, பசுமை வரி கட்டி ஓட்டலாம். சட்டத்தைவிட இன்ஜின்தான் கேள்வி. காலையில் போங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள், குளிர்ந்த டீசல் இன்ஜின் முதல் சாவியில் எப்படிப் பிடிக்கிறது, என்ன புகை விடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேள்வி: தென்காசியிலிருந்து திருநெல்வேலிப் பள்ளிக்குப் போக, கூட வேலை செய்த ஒருவரின் காரை வாங்குகிறேன். கடன் பாக்கி இருக்கிறதாம், மீதித் தவணையை நீங்களே கட்டுங்கள், முடிந்ததும் பேர் மாற்றித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?
(வாசகி, தென்காசி)

பதில்: அவர் நல்லவராகவே இருக்கட்டும் சகோதரி, அப்படி வாங்காதீர்கள். நீங்கள் கட்டுகிற ஒவ்வொரு தவணையும் அவர் பேரில் இருக்கிற காருக்குப் போகிறது. இருவருமாக வங்கிக்குப் போய், பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை நேரே கடன் கணக்கில் கட்டி என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்குகிற படிவம் 35-ம் வாங்குங்கள், மீதியை மட்டும் அவர் கையில் கொடுங்கள். பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து அன்றே ஆகிவிட வேண்டும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் அபராத பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக் கட்டச் சொல்லுங்கள். பேர் மாறியதும் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பேருக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் உங்கள் காருக்கு அடிபட்டால் காசு வராது. அவருடைய நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கு பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி) அவரோடு போய்விடும், அதனால் பிரீமியம் கொஞ்சம் கூடும், அதையும் விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.