பூரவோர்ஸ் ஒரு வீட்டில் அருமை, இன்னொரு வீட்டில் ரப்பர்: ஏன்?

கேள்வி இதுதான்: தென்னாப்பிரிக்காவில் பிராய் (கறியைத் தணலில் சுடும்) விருந்துக்குப் போனால், அங்கே சுட்டுத் தரும் பூரவோர்ஸ் என்ற சுருள் வடிவ மாட்டுக்கறி சாசேஜ் ஒரு இடத்தில் சாறு சொட்டச் சொட்ட இருக்கிறது; இன்னொரு இடத்தில் ரப்பராகவோ மரத்தூளாகவோ இருக்கிறது. எதனால்? எப்படிப் பார்த்து வாங்குவது, வீட்டில் செய்ய என்ன அளவு?

முதலில் பொட்டலத்தில் உள்ள பெயரைப் படியுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ‘பூரவோர்ஸ்’ என்ற பெயருக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. 1972-ஆம் ஆண்டு உணவுப் பொருள் சட்டத்தின் கீழ் 1990-இல் வந்த விதிப்படி, அதில் குறைந்தது 90 விழுக்காடு இறைச்சி இருக்க வேண்டும். கொழுப்பு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்த 90-க்குள்தான் கொழுப்பும் அடங்கும். மிச்சம் உள்ள பத்தில்தான் வினிகர், மசாலா, உப்பு, தண்ணீர், மாவு எல்லாம். ஈரல், நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளும், எலும்பிலிருந்து இயந்திரம் பிழிந்தெடுக்கும் கூழும் சேர்க்கக் கூடாது. மேலே உறையாக வரும் குடலுக்கு மட்டும் விலக்கு. பக்கத்துத் தட்டில் அதே போலச் சுருண்டு, விலை குறைவாக, ‘பிராய்வோர்ஸ்’ என்றோ ‘கிரில்லர்’ என்றோ கிடப்பதற்கு இந்த 90 விழுக்காட்டுக் கட்டாயம் கிடையாது. ரப்பர் மாதிரி இருந்தது என்று சொல்பவர்களில் பலர் சாப்பிட்டது அதுவாகத்தான் இருக்கும். சோயாவும் ரஸ்க் தூளும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பஞ்சு போல நிற்கும்.

அடுத்தது கண்ணால் பார்ப்பது. தோல் வழியே வெள்ளைக் கொழுப்பு தனித்தனித் துணுக்காகத் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே இளஞ்சிவப்புப் பசையாகத் தெரிந்தால், அரைக்கும்போதே கொழுப்பு உருகிக் கலந்துவிட்டது என்று அர்த்தம். பளீர் சிவப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் பொருளைச் சேர்த்தால் பழைய கறியும் சிவப்பாகவே இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் பொட்டலத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

வீட்டில் 3 கிலோ செய்ய: கொழுப்போடு கூடிய மாட்டுத் தோள்பட்டைக் கறி 2 கிலோ, பன்றித் தோள்பட்டை 600 கிராம், பன்றி முதுகுக் கொழுப்பு 400 கிராம். உப்பு 54 கிராம். கொத்தமல்லி விதை 30 கிராம், மிளகு 6 கிராம், ஜாதிக்காய் 3 கிராம், கிராம்பு 2 கிராம். வினிகர் 100 மி.லி. பூண்டும் சீரகமும் வேண்டாம். போட்டால் சுவை கெடாது, ஆனால் அது வேறு சாசேஜ்.

இதன் உயிர் கொத்தமல்லிதான். வெறும் சட்டியில் மிதமான தீயில் கிளறிக்கொண்டே வறுத்து, வாசம் எழும்பி லேசாகப் பழுப்பேறியதும் உடனே வேறு தட்டுக்கு மாற்றுங்கள். சட்டியிலேயே விட்டால் கருகி, மூன்று கிலோவும் கசக்கும். கொரகொரப்பாக இடித்துச் சலித்து உமியை எறிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வாயிலும் பல்லில் சிக்கும். நம் குழம்புப் பொடி போல நைசாக அரைத்தாலும் சரிவராது.

மரத்தூள் மாதிரி ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு. கறியையும் கொழுப்பையும் துண்டு போட்டு, அரவை இயந்திரத்தின் தட்டையும் கத்தியையும் சேர்த்து, ஃப்ரீசரில் அரை மணி நேரம் வையுங்கள். ஓரம் விறைத்தால் போதும். 8 மி.மீ. துளைத் தட்டில் ஒரே தடவை அரைக்க வேண்டும். கொழுப்பை மட்டும் கையால் அரை சென்டிமீட்டர்த் துண்டாக வெட்டிக் கலப்பவர்களும் உண்டு. அது இன்னும் நல்லது. கொழுப்பு கையில் வழவழவென்று ஒட்ட ஆரம்பித்தால் நிறுத்தி மறுபடி குளிரவையுங்கள். உருகிய கொழுப்பு கறியோடு பிடித்து நிற்காது. தணலில் அத்தனையும் ஒழுகிப் போய் உதிரிக் கறிதான் மிஞ்சும். உப்பு, மசாலா, வினிகர் போட்டு இரண்டு மூன்று நிமிடம் பிசைந்தால் லேசாக ஒட்டும், அத்தோடு விட்டுவிடுங்கள். மேலும் பிசைந்தால் வியன்னா சாசேஜ் மாதிரி துள்ளும். ஒரு சிறு உருண்டையைத் தட்டிப் பொரித்து உப்பு பாருங்கள். குடலில் அடைத்த பிறகு திருத்த வழியில்லை.

பன்றிக் குடல் 32 முதல் 34 மி.மீ. அளவு சரியாக இருக்கும். உப்பைக் கழுவி வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். தளர்வாக அடைக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழணும். முட்டமுட்ட அடைத்தது தணலில் வெடிக்கும். காற்றுக் குமிழி தெரிந்தால் இப்போதே ஊசியால் குத்துங்கள். திறந்தபடி ஒரு இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் காய்ந்து மசாலா இறங்கும்.

சுடும்போது குத்தவே கூடாது. கொழுப்பு வடியட்டும் என்று முள்கரண்டியால் குத்துபவர்கள் சாற்றைத்தான் தணலுக்கு ஊட்டுகிறார்கள். தீ நாக்கு அடங்கிக் கங்கின் மேல் சாம்பல் பூத்த பிறகு, வலைக்கு மேல் கையை நீட்டி ஐந்தாறு விநாடி தாக்குப்பிடிக்க முடிந்தால் அதுதான் பதம். சுருளை வெட்டாமல் மூடும் கம்பி வலைக்குள் வைத்து மொத்தமாகத் திருப்புங்கள். 15 முதல் 20 நிமிடம் ஆகும். நடுவில் 71 டிகிரி செல்சியஸ் வந்தால் வெந்தது. கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் வலையைத் தூக்குங்கள். பீர் ஊற்றி அணைப்பது பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் சாம்பல் பறந்து கறியில்தான் ஒட்டும்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கு ஒன்று. 1860 முதல் சென்னையிலிருந்து, டர்பன் நகரம் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கப்பலேறியவர்களின் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் டர்பனில் நிறைய. அவர்களில் மாடு தொடாதவர்கள் மட்டன், கோழி வோர்ஸ் (சாசேஜ்) வாங்குவார்கள். 2013-இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடை இறைச்சிப் பொருள்கள் 139-ஐச் சோதித்ததில், 95-இல் லேபிளில் சொல்லாத விலங்கினமோ தாவரப் பொருளோ இருந்தது. எல்லாம் வேண்டுமென்றே செய்ததாக இருக்க வேண்டியதில்லை. ஒரே இயந்திரத்தில் மாட்டை அரைத்துவிட்டுக் கழுவாமல் ஆட்டைப் போட்டாலே கலந்துவிடும். அதனால் கடை திறந்ததும் போய், கழுவிய இயந்திரத்தில் கண் முன்னே முதல் அரவையாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். ஆட்டுக் கொழுப்பு ஆறினால் சீக்கிரம் உறைந்து அண்ணத்தில் ஒட்டும் என்பதால், மட்டன் வோர்ஸை வலையிலிருந்து நேராகத் தட்டில் போட்டுச் சூடாகவே பரிமாறுங்கள்.