கைத்தொழில் கேள்வி-பதில்: அக்ரிலிக்கில் தமிழ்ப் பெயர்

(இந்த வாரக் கேள்விகள் அனைத்தும் மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகி ஒருவருடையவை.)

கே: ஐயா, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கப் பெயர்ப் பதக்கம் செய்கிறேன். என் 10 வாட் டையோடு லேசர் கறுப்பு அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டை வெட்டுகிறது. கண்ணாடி மாதிரி இருக்கும் தகட்டில் கோடுகூட விழவில்லை. மெஷின் கெட்டுவிட்டதா?

ப: கெடவில்லை அம்மா. டையோடின் நீல ஒளி சுமார் 450 நானோமீட்டர். தெளிந்த அக்ரிலிக்கில் தங்காமல் ஊடுருவிப் போய்விடும். நீலத் தகட்டிலும் பெரும்பாலும் அதே கதைதான். தகட்டின்மேல் கறுப்பு போஸ்டர் கலர் பூசிக் காயவிட்டால் எழுத்தைச் செதுக்கலாம். வெட்டுவதற்கு மட்டும் சிஓ2 (கரியமில வாயு) லேசர் வேண்டும். அதற்காக இன்னொரு மெஷின் வாங்காதீர்கள். விளம்பரப் பலகை செய்யும் கடையில் வெட்டித் தரச் சொல்லுங்கள். தகடு 'காஸ்ட்' (அச்சில் ஊற்றி வார்த்த) வகையா என்று கேட்டு வாங்குங்கள். 'எக்ஸ்ட்ரூடட்' (உருக்கிப் பிதுக்கி எடுத்த) வகையில் செதுக்கினால் எழுத்து வெள்ளையாகத் தெரியாது, ஓரமும் உருகி ஒட்டும்.

கே: 'செல்வி' என்று வெட்டினால் எழுத்துகள் தனித்தனியாக உதிர்கின்றன. சில சமயம் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

ப: கொம்பு இடம் மாறுவது மென்பொருளின் கோளாறு. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் யூனிகோட் எழுத்துருவில், தடித்த வகையில் தட்டெழுதுங்கள். 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து (எழுத்து கோட்டு வடிவமாகும்), குழுவைப் பிரித்து, எழுத்துகள் அரை மில்லிமீட்டராவது ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி நெருக்கி, எல்லாம் ஒரே வடிவமாக இணைய 'யூனியன்' கொடுங்கள். 3 மி.மீ. தகட்டில் கோட்டின் அகலம் 2 மி.மீட்டருக்குக் குறைந்தால் சங்கிலி இழுபட்டதும் ஒடியும்.

புள்ளிதான் தலைவலி. ஆங்கில 'ஐ'யின் புள்ளி ஒன்றோடு போயிற்று. நமக்கு ஒரே பெயரில் இரண்டு மூன்று வரும். புள்ளியை இழுத்து எழுத்தோடு ஒட்டவைத்தால் படிக்கவே அசிங்கமாக இருக்கும். பெயரைச் சுற்றி 2.5 மி.மீ. 'ஆஃப்செட்' (தள்ளி வரும் வெளிக்கோடு) எடுத்து, அந்த வடிவில் வேறு நிறத்தில் பின்தகடு வெட்டி, எழுத்தையும் புள்ளியையும் அதன்மேல் ஒட்டுங்கள். சூப்பர் குளூ வேண்டாம், வெள்ளைப் படலம் படரும். அக்ரிலிக் ஒட்டும் திரவம் ஒரு சொட்டு போதும். வளையத் துளை 1.5 மி.மீ., அது பின்தகட்டில் மட்டும், ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே. வளையம் உள்விட்டம் 6 மி.மீ.; 4 மி.மீ. என்றால் திரும்பாமல் இறுகிக்கொள்ளும்.

கே: ஸ்பிரிட்டால் துடைத்த தோடுகளில் மயிரிழை வெடிப்புகள்!

ப: லேசர் வெட்டிய ஓரத்தில் வெப்ப இறுக்கம் தங்கியிருக்கும், ஆல்கஹால் பட்டதும் அங்கே வெடிக்கும். சோப்பு கலந்த தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான். காகித உறையை வெட்டி முடியும்வரை உரிக்காவிட்டால் புகைக்கறை அதிகம் படியாது.

கே: பெயர் தெரியாத துண்டுத் தகடுகள் மலிவாகக் கிடைக்கின்றன, வாங்கலாமா?

ப: பிவிசி என்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்காக இருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். வீட்டுக்கு வெளியே நின்று, செப்புக் கம்பியைச் சூடாக்கித் துண்டில் தொட்டு மீண்டும் தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அந்தத் தகட்டை லேசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.