சின்ன ஆற்றங்கரை ஊர்களில் இலையுதிர் காலம் எப்படி இருக்கும்? அன்றாடம் என்னவெல்லாம் கண்ணில் படும்?

இலை உதிர்வதைப் பார்க்கும் ஆசை இருந்தால் எங்கள் ஊர் சரிப்படாது. மயிலாடுதுறையில் அக்டோபர், நவம்பர் என்றால் மதில் சுவரில்கூடப் பச்சை பிடித்துக் கிடக்கும். பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். ஊர்க்கணக்கில் ஐப்பசி துலா மாசம். (ஊர்ப் பெயரை 1982-இல் மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் மாயவரம்தான்.)

விடிவதற்கு முன்பே தெருவில் ஈரப்புடவை சரசரக்கும் சத்தம் கேட்கும். ஐப்பசி மாதம் முழுக்கக் காவிரியில் முழுகுகிறவர்கள் சொம்போடு துலாக்கட்டத்திலிருந்து திரும்புகிற நேரம் அது. பழைய ஆட்கள் அந்தத் துறையை லாகடம் என்பார்கள். கங்கை முதலான நதிகள் எல்லாம் தங்களிடம் சேர்ந்த பாவத்தைக் கரைக்க இந்த மாதம் இங்கே வருவதாக ஐதீகம். அதனால் தீபாவளியன்று யாராவது "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டால், எங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கெத்தாகத்தான் தலையாட்டுவார்கள்.

ஆற்றில் தண்ணீர் செம்மண் கலங்கலாக ஓடும், அதாவது ஓடுகிற வருடங்களில். மேட்டூரில் திறந்தது கல்லணை தாண்டி, கிளை கிளையாகப் பிரிந்து, எங்களிடம் வரும்போது மெலிந்துதான் வரும். இங்கிருந்து பூம்புகார்க் கடல் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான். கடைமடைக்காரனுக்கு ஆற்றை எட்டிப் பார்க்காமல் பொழுது விடியாது. பாலத்தைக் கடக்கிற சைக்கிள்காரர் ஒரு காலை ஊன்றி நின்று, தண்ணீர் நேற்றைவிட ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

ஊரைத் தாண்டினால் சம்பா. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் யூரியா சாக்கை மழைக்குத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு லோடு வண்டியில் நெருக்கியடித்து நிற்பார்கள். மழை பெய்தால் நடவு நல்லது, இரண்டு நாள் விடாமல் பெய்தால் நட்டது மூழ்கும். டீக்கடையில் பாதிப் பேச்சு இதுதான். மீதிப் பேச்சு பள்ளிக்கூடத்துக்கு லீவா இல்லையா என்பது. முன்பு நாங்கள் நாகப்பட்டினம் மாவட்டம். அங்கே கொட்டினால் இங்கே வெயிலடிக்கும்போதும் லீவு கிடைக்கும். 2020 டிசம்பரில் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய பிறகு சொந்த மழைக்குத்தான் லீவு. பிள்ளைகளுக்கு இதில் லாபமா நஷ்டமா தெரியவில்லை.

ஐப்பசிக் கடைசி நாள் கடைமுகம். மயூரநாதர் கோயிலிலிருந்தும் மற்ற சிவன் கோயில்களிலிருந்தும் சாமிகள் துலாக்கட்டத்துக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி நடக்கும். ஆற்றின் நடுவே ஒரு நந்தி மண்டபம் உண்டு. அன்றைக்கு அதைச் சுற்றித் தண்ணீர் தெரியாது, தலைதான் தெரியும். கடைத்தெருவில் பொரி, பேரீச்சம்பழம், வளையல், பலூன், மிளகாய் பஜ்ஜி. நெரிசலில் ஒரு செருப்பாவது தொலையாமல் வீடு திரும்பினால் அதிர்ஷ்டம்தான். முழுகியவர்கள் கட்டியிருந்த பழந்துணியை ஆற்றிலேயே விட்டுப் போவது மட்டும் எனக்குச் சகிக்காது. மறுநாள் படித்துறையில் கால் வைத்தால் துணிதான் சுற்றிக்கொள்ளும்.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்த மறுநாள்தான். கார்த்திகை 1, முடவன் முழுக்கு. கால் நடக்கமாட்டாத ஒருவர் துலா ஸ்நானத்துக்குக் கிளம்பி, வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டதாம். அவர் அழுததைப் பார்த்த சிவன், சரி, இன்றைக்கும் அதே பலன் என்று ஒரு நாளைக் கூட்டிக் கொடுத்தாராம். தாமதமாக வருகிறவனுக்கென்றே ஒரு நாள் ஒதுக்கிய ஊர் வேறெங்காவது இருக்கிறதா, சொல்லுங்கள்.

நான் வேலை பார்ப்பது சென்னையில். ஒரு வருடம் கடைமுகத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, மழையில் பஸ் வழியிலேயே மணிக்கணக்காக நின்று, மறுநாள் விடிகாலைதான் வந்து இறங்கினேன். பையோடு நேராக ஆற்றுக்குப் போனேன். முந்தைய நாள் கூட்டம் வடிந்திருந்தது. ராட்டினத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கைத்தாங்கலாகப் படி இறங்குகிற வயசானவர்கள். இன்னொரு பக்கம் புதுக் கறுப்பு வேட்டியில் மாலை போடத் தயாராக நிற்கிற ஐயப்ப பக்தர்கள். கார்த்திகை ஒன்று அவர்களுக்கும் முதல் நாள் இல்லையா? சரண கோஷத்துக்கு நடுவே ஒரு பாட்டி தன் பேரனை "மூக்கப் பிடிடா" என்று தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் அப்பாயி மேல்படியில் துண்டோடு உட்கார்ந்திருந்தது. நான் கேட்காமலே மூன்று முழுக்கு எண்ணியது. கரையேறித் தலை துவட்டும்போது சொன்னது:

"நேத்தும் வந்து உக்காந்து பாத்தேன். அடுத்த வருஷம் இதுக்கும் பிந்துனா, அந்த மயூரநாதரே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது, ஆமா."